நெடி வராத மிளகாய்

சுற்றுலா வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஏற்காட்டு மலையில் வனத்துறை ஜீப்பை இத்தனை வருஷமாக ஓட்டுகிறேன். குரங்குக்குச் சிப்ஸ் நீட்டிவிட்டு, அது கையைப் பிறாண்டியதும் அரசாங்கத்தைத் திட்டுகிற ஆட்களை எத்தனை பேரைத்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவது? கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்துபோட்டு நடுரோட்டில் ஆடுவார்கள். கேட்டால் வீடியோ என்பார்கள்.

எங்கள் ரேஞ்சர் சங்கீதா மேடம் வேறு மாதிரி. யாரையும் வெறுக்க மாட்டார், யாரையும் விடவும் மாட்டார். குடித்துவிட்டு ஓடையில் இறங்கியவனுக்கு அபராதம் போடுவார், போட்ட கையோடு சாப்பிட்டாயா என்றும் கேட்பார். "இவனுங்கெல்லாம் திருந்த மாட்டானுங்க மேடம்" என்று நான் சலித்துக்கொண்டால், "திருந்த வேண்டாம் அன்பண்ணா. உசுரோட ஊடு போய்ச் சேர்ந்தாப் போதும்" என்பார். சேலத்துக்காரர். தனியாக குவார்ட்டர்ஸில் இருந்தார். அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஏனோ கூடிவரவில்லை. அதைப் பற்றி ஆபீசில் பேச ஆள் உண்டு, அவர் முன்னால் பேசத்தான் ஆள் கிடையாது.

அந்த மே மாதம் அவருக்குப் பெரிய தலைவலி நீலப்பாறை வியூ பாயின்ட். கம்பித் தடுப்புக்குக் கீழே பாறை குடைந்தாற்போல் இருக்கும். அதன் அடியில் மலைத்தேனீக்கள் முறம் முறமாக அடை கட்டியிருந்தன. மலைத்தேனீ சும்மா இருந்தால் சாது. புகை பட்டால் அவ்வளவுதான், கிளம்பி வந்து கண்ணில் பட்டவரையெல்லாம் கொட்டித் தள்ளும். கோடை விழாக் கூட்டம் வேறு. இடத்தையே பூட்டிவிடச் சொல்லி மேலிடத்தில் சொன்னார்கள். பூட்டினால் மேலே கடை போட்டிருக்கும் குடும்பங்கள் சீசன் முழுக்க வாயைக் கட்ட வேண்டியதுதான். மேடம் மேலிடத்தில் மன்றாடித் திறந்து வைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. கரி அடுப்பு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. கேஸ் அடுப்பு மட்டும். யார் நெருப்புப் பற்ற வைத்துப் புகை கிளப்பினாலும் அவர்கள் கடை அன்றோடு காலி, மறுபடி கிடைக்காது. இதைக் கடைக்காரர்களை உட்கார வைத்துப் பேசி, எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் கம்பிக் கதவைத் திறந்தார்.

முதலில் தலையாட்டியது வள்ளி. மிளகாய் பஜ்ஜிக் கடை. புருஷன் போன பிறகு அந்த வாணலியை வைத்துத்தான் பெண்ணை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் கப்புக்காக மேடம் அவளுக்கும் அபராதம் போட்டிருக்கிறார். அதைக் கட்டிவிட்டு, "மேடம் கையால வாங்கற ரசீதும் ஒரு ராசிதானுங்க" என்றவள் அவள். மேடம் எப்போது வந்தாலும் எண்ணெய் உறிஞ்சும்படி இரண்டு காகிதத்தில் பஜ்ஜியை அழுத்தி எடுத்துத்தான் கொடுப்பாள். மேடமும் காசு கொடுக்காமல் கடித்ததில்லை.

விழா தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஓடையில் வழுக்கி விழுந்த ஒருவனை இழுக்கப் போய் மேடமும் விழுந்து, இடது கை எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கையைக் கழுத்தோடு தொங்கவிட்டபடி வேலைக்கு வந்தார். பேப்பரில் போட்டோவோடு செய்தி போட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து வள்ளிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"போட்டோ வந்தா கண்ணு படாம என்னங்க பண்ணும்? அடுத்ததா என்ன வருமோ" என்று என்னிடம் புலம்பினாள். "ஏனுங்கண்ணா, மேடத்துக்கு ஊட்டுல சுத்திப் போட ஆளு இருக்குதா?"

"யாரு இருக்காங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் சேர்வதற்கு முன்னால், மேடம் ரவுண்டு வந்தபோது வள்ளி வழிமறித்தாள். கைக்குள் உப்பும் கடுகும் வரமிளகாயும் வைத்து மூடியிருந்தாள். "ஒரே நிமிஷமுங்க மேடம். கெழக்கே பார்த்து நில்லுங்க."

மேடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். நகரவில்லை. தொப்பியைக் கழற்றி நல்ல கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். வள்ளி மூன்று சுற்று இப்படியும் மூன்று சுற்று அப்படியும் சுற்றினாள். "பஸ் ஸ்டாண்டுக் கண்ணு, ஏரிக்கரைக் கண்ணு, ரிசார்ட்டுக் கண்ணு, காருல வந்த கண்ணு, பைக்குல வந்த கண்ணு, அத்தனையும் போகட்டும். துப்புங்க மேடம்." மேடம் துப்பினார். அதற்குள் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்கள், கீழ் கேட்டில் வண்டி நெரிசல் என்று. தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். சுற்றிய மிளகாய் எங்கே போகும் என்று நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

சுற்றியதைச் சுற்றிய இடம் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. சுட்டெரிக்காமல் போட்டாலும் பலன் இல்லை. வள்ளி கடைக்குப் பின்னால் குந்தி, ஒரு கொட்டாங்குச்சியைப் பற்ற வைத்து மிளகாயைப் போட்டாள்.

"என்னக்கா இது, ரூல் தெரியுமில்ல?" என்றேன்.

"கையகலக் கொட்டாங்குச்சிங்கண்ணா. இதோ அணைச்சுருவேன்."

மிளகாய் வெடித்தது, புகைந்தது. எங்களுக்குத் தும்மல் வரவில்லை, தொண்டை கமறவில்லை. வள்ளி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பார்த்தீங்களா? நெடியே இல்லை. எவ்வளவு கண்ணு பட்டிருந்தா இப்படி நெடியில்லாம எரியும்" என்று இன்னும் இரண்டு மிளகாயை அள்ளிப் போட்டாள். நானும் தலையாட்டினேன். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாள். நெடி வரவில்லை என்றால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று கணக்கு. காற்று எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து பாறைச் சரிவை நோக்கி வீசிக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே நினைக்கவில்லை. நெடி முழுக்கக் கீழே, அடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் கம்பித் தடுப்புக்கு மேலே கருப்பாக எழும்பியது. தடுப்போரம் நின்றிருந்தது ஒரே ஒரு ஜோடி, நவீனும் பிரியாவும். சேலத்துப் பிள்ளைகள், தை மாதம் கல்யாணமானவர்கள். அந்தப் பையனை அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் கார் நிறுத்துமிடத்தில் சிகரெட்டும் கையுமாக நான் பிடித்திருந்தேன். சிகரெட்டை வாங்கி என் காலால் நசுக்கி, அபராத ரசீதும் போட வைத்தேன். இப்போது அவன் பெண்டாட்டி முகத்தை மூடிக்கொண்டு கீழே சுருண்டாள்.

எல்லோரும் காருக்குள்ளும் கடைக்குள்ளும் ஓடினார்கள். மேடம் மட்டும் எதிர்த்திசையில் ஓடிவந்தார். ஜீப்பிலிருந்த கம்பளியை ஒரு கையால் விரித்து அந்தப் பெண் மேல் போட்டு, அவரும் நவீனுமாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் கதவைத் திறந்து வாங்கிப் போட்டேன். ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை பிரியாவின் மூச்சு விசில் மாதிரி இழுத்தது. ஊசி போட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்பினார்கள். மேடத்தின் முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. அவர் அதற்கு மருந்து போடவே சாயங்காலம் ஆனது.

மறுநாள் கடைக்காரர் சங்கத்து வேலுசாமி ஆபீசுக்கு வந்தார். கூட வள்ளியும் நாலைந்து பேரும். வள்ளி சுவரோரம் நின்றாள், அழுது அழுது முகம் உப்பியிருந்தது.

"அந்தப் பையன் சிகரெட்டுதானுங்க மேடம்" என்றார் வேலுசாமி. "ஃபைன் போட்ட ரசீதே இருக்குது. அவனே ஆஸ்பத்திரியில தன்னாலதான்னு சொல்லி அழுவுறானாமா. விசாரணைக்கு வர்ற பெரிய ஆபீசருங்ககிட்ட நாங்களும் அதையே சொல்லிக்கறோம். அன்பழகன்தான் கையும் களவுமாப் பிடிச்சது."

"ஆமாங்க மேடம்" என்றேன் நான். சிகரெட்டை அணைத்தது இந்தக் கால்தான். அது தேனடைக்கு எங்கோ எதிர்ப்பக்கம் என்றும் எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். எவனோ ஒரு ஊர்சுற்றியா, எங்கள் வள்ளியா என்று வந்தால் நான் இன்றைக்கும் வள்ளி பக்கம்தான்.

மேடம் ஒற்றைக் கண்ணால் எங்களை வரிசையாகப் பார்த்தார். "தன்னாலதான்னு அழுவுறானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்தார். "அன்பண்ணா, வண்டியை எடுங்க. சேலம். வள்ளிக்கா, நீங்களும் வாங்க."

மேடம் உண்மையைச் சொல்லத்தான் போகிறார் என்று மலை இறங்கும்போதே வள்ளிக்குப் புரிந்துவிட்டது. பின்சீட்டில் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெண்ணுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. எனக்கு மேடம் மேல் கோபம் கோபமாக வந்தது. சட்டம் பேச வேறு நாள் கிடைக்கவில்லையா என்று கியரை முறுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் நவீன் வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். முகம் அவனுக்கும் வீங்கியிருந்தது. வார்டு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி மறித்தபடி ஒரு பெரியவர். பிரியாவின் அப்பாவாம். மருமகன் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிப் பட்டறைக்கார மனுஷர், உள்ளங்கையெல்லாம் கருப்பேறியிருந்தது.

மேடத்தைப் பார்த்ததும் நவீன் எழுந்தான். "பிரியா பொழைச்சுக்கிட்டா மேடம். நேத்து ராத்திரியே மூச்சு சரியாயிருச்சாமா. நான்தான் பார்க்கல" என்றான். "ஒரே ஒரு சிகரெட்டுங்க. என் சட்டையில இருந்த வாசத்துக்கே வந்துருச்சுன்னு சொல்றாங்க. அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எதுக்குங்க இருக்கணும்?"

இருபத்தைந்து வயசு இருக்கும். அந்த வயசில் இப்படியொரு பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒருவன் நிற்பதைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது.

"உங்க சிகரெட் இல்லைங்க நவீன்" என்றார் மேடம். குரலைத் தாழ்த்தவில்லை, பெரியவருக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினார். "சிகரெட் பிடிச்சது தப்பு, அதுக்கு அபராதம் கட்டிட்டீங்க. அங்கயே அணைச்சாச்சு. தேனீ கலைஞ்சது கடைக்குப் பின்னால போட்ட மிளகாய்ப் புகையில. எனக்குக் கண்ணு பட்டிருக்குன்னு சுத்திப் போட்டாங்க. நான்தான் நின்னேன். நெருப்புல போடுவாங்கன்னு தெரிஞ்சே நின்னேன். இதை எங்க மேலிடத்துக்கும் காலையிலயே எழுதிக் கொடுத்துட்டேன்."

வள்ளி அவர் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "போட்டது நானுங்க சாமி" என்று கைகூப்பினாள்.

நவீன் மேடத்தைப் பார்த்தான், வள்ளியைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். "சிகரெட்டை அணைச்சது நீங்கதானுங்களே?" என்றான். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் திட்டவில்லை, சுவரில் சாய்ந்து விம்ம ஆரம்பித்தான்.

பெரியவர் நீட்டியிருந்த காலை மடக்கி நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார். "போ, உள்ள போ. உன்னையத்தான் கேட்டுக்கிட்டே கெடக்குது" என்றார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

திரும்பி வரும்போது அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மலை ஏற ஆரம்பித்த பிறகு மேடம்தான் பேச்சைத் தொடங்கினார்.

"கடை போயிருச்சு வள்ளிக்கா. நான் போட்ட ரூல். உங்களுக்குன்னு மாத்த முடியாது."

"தெரியுமுங்க. அந்தப் புள்ளை நெலமையைப் பார்த்ததுக்கு அப்புறம் அந்தக் கடையில உக்காரவும் எனக்கு முடியாதுங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டி போட்டுக்கறேன்." என்றாள் வள்ளி. "ஆனா நீங்க எதுக்குங்க மேடம் உங்க பேரை எழுதிக் கொடுத்தீங்க? நான் போட்டேன்னு மட்டும் சொல்லிருந்தா முடிஞ்சு போயிருக்குமே. இப்ப உங்களை எங்க தூக்கி அடிக்கப் போறாங்களோ."

"எங்க அடிச்சாலும் காடு இருக்கும்."

"வெளையாடாதீங்க. நெருப்பு வேண்டாம்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவங்க நீங்க. வேண்டாம் வள்ளின்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் கையை எடுத்திருப்பேனே. ஏனுங்க சொல்லலை?"

ஒரு வளைவு, இன்னொரு வளைவு தாண்டியது.

"அம்மா போனப்பறம் எனக்கு யாரும் சுத்திப் போட்டதில்லைக்கா" என்றார் மேடம். "நீங்க கையை மூடிக்கிட்டு வந்து நின்னப்ப, வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

அவரோடு இத்தனை நாள் வண்டி ஓட்டியிருக்கிறேன். இருபது பேரை அதட்டுகிற அந்தக் குரல் இப்படியும் பேசும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் வள்ளி முன்னால் நகர்ந்து வந்தாள். இரண்டு கையையும் நீட்டி, வீங்கிக் கிடந்த அந்த முகத்தை மேலிருந்து கீழாக வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். பத்து விரலும் சடசடவென்று நெட்டி முறிந்தன.

"இதுக்கு நெருப்பு வேண்டாமுங்க" என்றாள்.