ஓணானுக்கு விட்ட ஜன்னலடி

ஞாயிறு காலை பின்வாசலில் இருந்தவர்கள்: அண்ணன், கதவோரப் பிளாஸ்டிக் நாற்காலியில்; அண்ணி, மாடிப்படியில், தரையில் கால் படாமல்; நான், கவிழ்த்த வாளியின் மேல். நான்காவதாக ஓர் ஓணான், கற்குவியலின் உச்சியில், எங்கள் எல்லாரையும்விட நல்ல இடத்தில்.

குவியல் என் வேலை. கல், உடைந்த ஓடு, பட்டுப்போன கட்டை எல்லாவற்றையும் காலை வெயில் விழும்படி, இடுக்கு விட்டு அடுக்கினேன். சருகைக் கூட்டவில்லை. ஒரு மூடியில் தண்ணீர் வைத்தேன். பூச்சி வந்தது; பூச்சியைத் தேடி ஓணான் வந்தது. ஒரே சிக்கல், குவியல் இருப்பது அண்ணன் அண்ணி படுக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதைடா இது," என்றார் அண்ணன்.

"சிரிக்காதீங்க. நேத்து ஜன்னல் கம்பியில உக்காந்து என்னையே பாத்துத் தலையாட்டுது," என்றார் அண்ணி.

"அண்ணனும் அப்படித்தானே அண்ணி தலையாட்டுறார்? அவரை விரட்டலையே."

அண்ணி அசரவில்லை. சனிக்கிழமை பூச்சி மருந்தடிப்பவர் வருகிறார், குவியலையும் அவரே அள்ளிவிடுவார் என்றார்.

"அள்ள வேணாம். உன் பக்கம் மாத்தி வச்சுக்கோயேன்," என்றார் அண்ணன் சமாதானமாக.

முந்தாநாள் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். நேற்று ஓணான் கல்லோரம் மண்ணைப் பறித்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போனதைப் பார்த்துவிட்டேன். இனி அங்கே ஒரு கல் அசையக் கூடாது.

"குவியலை நகத்த முடியாது, அங்க ஓணான் முட்டை போட்டிருக்கு. கட்டிலை நகத்தலாம். நீங்க மாடிக்குப் போங்க, நான் கீழ வந்துடுறேன்."

வீட்டில் காற்று வருகிற ஒரே அறை என்னுடையது. அண்ணி படியிலிருந்து இறங்கியே விட்டார்.

"நிஜமாவா தம்பி? அப்புறம் கேட்டா தர மாட்டேன்."

"கேக்க மாட்டேன்."

"முட்டை பொரிச்ச பிறகு?"

"குட்டிங்க எங்க போகும் அண்ணி?"

மதியத்துக்குள் கட்டில்கள் இடம் மாறின. என் புத்தக அலமாரி மாடிப்படியின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டோம். புழுங்கும் கீழறையில் உட்கார்ந்து மருந்தடிப்பவருக்குக் கடிதம் எழுதினேன். போனில் சொன்னால் மறந்துபோய் வந்து நிற்கிற ஆள் அவர்.

'ஐயா, வரும் சனிக்கிழமை மருந்தடிக்க வர வேண்டாம். இனி எந்தச் சனிக்கிழமையும் வேண்டாம்.'

வரச் சொன்னவர் அண்ணி என்பதால் கையெழுத்தும் அவரே போட வேண்டும் என்றேன்.

"எறும்புக்கு மட்டும் கொஞ்சம் அடிக்கச் சொல்லலாமா?"

"எறும்பு அதோட சாப்பாடு அண்ணி."

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தி, அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.