பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு ஆள்

மலேசியாவிலிருந்து வந்த மதுசூதனன், தலவாக்கலையில் பிரியந்தினியின் மொத்தக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய கம்பனி இலங்கையில் போடப்போகும் முதல் கடை இங்கேயா, கண்டியிலா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இங்கேயென்றால் பிரியந்தினி பங்காளி. கண்டியென்றால், இந்தக் கடையை இன்னும் ஒரு வருஷம் இழுக்க முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“மத்தியானம் வரைக்கும் நாப்பத்தொரு பேருதான்மா. இதுக்காகக் கடல் தாண்டி வந்து கடை போட முடியுமா?”

“தலைய எண்ணாதீங்க சேர். மூட்டையப் பாருங்க.”

அந்நேரம் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துச் சிசிலி வந்து, மடியிலிருந்து ஒரு கத்தைத் துண்டுச் சீட்டை எடுத்துப் போட்டாள். மா, பருப்பு, சவர்க்காரம் என்று சாமான் மலையாய் ஏறியது.

“இவ்வளவும் ஒங்க வீட்டுக்கா?” என்றார் மதுசூதனன்.

“நான் என்ன யானையா பெத்து வச்சிருக்கேன்? எங்க லயத்துல வரிசையா பன்னெண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். எல்லாரும் டவுனுக்கு வந்தா கொழுந்து யாரு பறிக்கிறது? அதான் மொற வச்சு ஒருத்தி வாறோம். இன்னிக்கு என் மொற.”

பிரியந்தினி பெருமையோடு அவரைப் பார்த்தாள். அவரோ முகம் மலர்ந்து, “அப்ப கடையே வேணாமே! போன்ல சொன்னா கண்டியிலருந்து லொறியே லயத்துக்குப் போயிருமே” என்றார்.

அவர் சொன்னதில் பிரியந்தினியால் பிழை பிடிக்க முடியவில்லை.

சிசிலிக்குத்தான் கோபம் வந்தது. “நல்லா இருக்கே நாயம்! லொறி வந்தா நான் எப்பிடி டவுனுக்கு வாறது? சாமான் வாங்கணும்னுதான் வீட்டுக்காரரு விடுறாரு. மாதா கோயிலுக்குப் போவேன், தங்கச்சியப் பாப்பேன், ஒக்காந்து ஒரு பிளேன்டீ குடிப்பேன். அதுலயா மண்ணப் போடுறீங்க?”

“மத்தவங்களும் இப்பிடித்தான் சொல்லுவாங்களா?”

“போன மாசம் ஒருத்தி இன்னொருத்தி மொறையில வந்துட்டா. லயமே ரெண்டுபட்டுப் போச்சு சேர்!”

மதுசூதனன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து கடைக்குள்ளே ஒரு சுற்று நடந்தார்.

“பிரியந்தினி, இவங்க ஊரச் சுத்தப் போறப்ப மூட்டைய வச்சிட்டுப் போக ஒரு எடம் வேணும். பெஞ்சு வேணும். பொம்பளைங்களுக்குக் கழிப்பற வேணும். மாடிய ஒதுக்க முடியுமா?”

“முடியும் சேர். அப்ப கண்டி?”

“கண்டிய அடுத்த வருஷம் பாக்கலாம். இன்னிக்கே கம்பனிக்கு எழுதிப் போட்டுர்றேன்.”

பிரியந்தினி மாடிச் சாவியைத் தேடிக் கல்லாவைத் திறந்தாள்.

“எழுதுறது இருக்கட்டும்” என்றாள் சிசிலி. “மூணரைக்கு பஸ். இந்த மா மூட்டைய ஒரு கை புடிங்க சேர்.”