எடைக் கட்டத்தில் எழுதிய எண்

காற்று அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. காலை எட்டு மணியிலிருந்து அவள் உட்காருவதும் எழுவதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். விமானத்திலிருந்து குதிக்கப் பழகுகிறவள். இருபத்து நாலு முறை குதித்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு முறை குதித்தால் லைசென்ஸ். ஆனால் பார்சல் அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய லீவு இன்றோடு முடிகிறது. அடுத்த லீவுக்கு மூன்று மாதம். அவ்வளவு இடைவெளி விழுந்தால் பயிற்சியாளரோடு சேர்ந்து பழைய பாடத்தையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும்.

"ஏ கூடாரம்! இன்னும் தரையிலதான் இருக்கியா?"

மாமா. அக்கா புருஷன். முந்நூறு தடவை குதித்தவர். அவளுக்குப் பயிற்சிப் பள்ளி கொடுத்திருக்கும் பாராசூட் இருநூற்று முப்பது சதுர அடித் துணி. கூடாரம் என்ற பட்டம் அதனால் வந்தது.

பெரிய துணி நிதானமானது. இறங்கும்போது கொஞ்சம் தப்புச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அந்த நிதானமே பலத்த காற்றில் வினையாகிவிடும். முன்னால் நகர முடியாமல், ஆளைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் வேலியிலோ மரத்திலோ சேர்க்கும். அதனால்தான் பெரிய பாராசூட்டுக்காரர்கள் இன்று குதிக்கக் கூடாது என்று பலகையில் எழுதிவிட்டார்கள்.

"என்னோட இன்னொண்ணு இருக்கு. நூத்தம்பது. காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். எடுத்துக்கோயேன்" என்றார் மாமா.

"எனக்கு ஆகுமா மாமா?"

"கணக்குப் போட்டுப் பாரு. எடையை பவுண்டுல எழுது, துணியோட சதுர அடியால வகு. ஒண்ணுக்குள்ள வந்தா புதுசா பழகுறவங்களுக்கும் ஆகும். பயிற்சியாளர் குடுத்த சீட்டுலயும் அதைத்தான் கேக்குறாங்க."

சீட்டில் 'எடை' என்று ஒரு கட்டம். அறுபத்திரண்டு கிலோ என்று எழுதினாள். பவுண்டில் நூற்று முப்பத்தேழு. நூற்றைம்பதால் வகுத்தாள். பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று. இரண்டு முறை வகுத்துப் பார்த்தாள், அதேதான் வந்தது. கால் தரையில் நிற்கவில்லை. மாமாவின் பாராசூட்டை எடுக்க மடிக்கும் அறைக்கு ஓடினாள்.

அங்கே பாராசூட் மடிக்கிறவள் துணிமேல் முட்டி போட்டு, உள்ளே அடைபட்ட காற்றைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை நீட்டிச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"யாரோட எடை இது?"

"என்னோடதுதான்."

"நம்ப முடியலையே."

"ஏன், அவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"அம்மணமாவா குதிக்கப் போற?"

அவள் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. தினமும் பார்சல் கவுண்டரில் தொண்டை வற்றக் கத்துகிறவள் அவள்: 'அட்டைப்பெட்டியையும் சேர்த்துத்தாங்க எடை!' பாராசூட்டுக்கு அவளும் ஒரு பார்சல்தானே. பைக்குள் மடித்த துணி, அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட், ஹெல்மெட், ஷூ, குதிக்கிற உடுப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு துணிதானே தாங்க வேண்டும்?

மடிக்கிறவள் மூலையிலிருந்த எடை மெஷினைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். அவள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறினாள். எழுபத்து நாலு. நூற்று அறுபத்து மூன்று பவுண்ட். வகுத்தால் ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது.

பின்னாலேயே வந்த மாமா தலையைச் சொறிந்தார். "இங்க எடைன்னா மூட்டை முடிச்சோடதான்மா. சொல்ல விட்டுப்போச்சு. பரவாயில்ல, ஒரு துளிதானே கூட? விமானம் கிளம்புது, வா."

வெளியே என்ஜின் உறுமத் தொடங்கியது. ஒரு துளிதான். ஆனால் அவளுக்குத் தன் கையைத் தெரியும். நாலு நாள் முன்பு, தரை நெருங்கும்போது பதறி, பாராசூட்டைத் திருப்பும் வலது பிடியை மட்டும் இழுத்துவிட்டாள். கூடாரம் சோம்பலாகத் திரும்பி, புல்லில் அவளைப் பொத்தென்று உட்கார வைத்தது. அவ்வளவோடு போயிற்று. சின்னத் துணியில் அதே இழுப்பு இழுத்தால் அது சட்டென்று சாய்ந்து, திரும்பும் வேகத்திலேயே தரையை நோக்கிப் பாயும். நிமிர்வதற்கு உயரம் மிச்சமிருக்காது. கணக்கு ஒன்றுக்குள் வந்திருந்தாலும் அந்தக் கை அதே கைதான்.

"நீங்க போங்க மாமா."

"லைசென்ஸ்?"

"போங்கன்னா போங்க!"

அறுபத்திரண்டை அடித்து எழுபத்து நாலு என்று எழுதினாள். விடையையும் மாற்றி, வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாள். பயிற்சியாளர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

"மூணு மாசம் கழிச்சுன்னா பழைய பாடம்தான். தெரியும்ல?"

"தெரியும் சார். இருநூத்து முப்பதையே எழுதி வைங்க."

விமானம் ஏறிவிட்டது. அவள் மடிக்கும் அறைக்குத் திரும்பினாள். வாசல்வரை போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

"குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாதடி, தலை சுத்துது. இந்த முனையைப் பிடி" என்றாள் மடிக்கிறவள்.

பிடித்தாள். பிடித்ததுமே கை அதைத் தன் பக்கம் இழுத்தது.

"இழுக்காத. சும்மா பிடி."