மாத்திரையின் நடுக்கோடு

சித்தப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைக்கு இந்த மாதத்தோடு காப்புரிமை முடிகிறது. இனி எந்தக் கம்பெனியும் அதை மலிவாகச் செய்யலாம். காப்புரிமைச் சட்ட மாலை வகுப்பில் படித்துவிட்டு, சில மாதங்களுக்கு முன்பே நான்தான் இதைச் சொன்னேன். அதை நம்பி, விலைக்குப் பயந்து, விலை குறையும்வரை என்று அவர் தலைசுற்றலோடு பாதி மாத்திரையிலேயே காலத்தை ஓட்டினார்.

இன்று பார்த்தால், மாத்திரையைப் பாதியாக உடைக்க உதவும் நடுக்கோட்டுக்கு அதே பழைய கம்பெனி தனிக் காப்புரிமை வாங்கியிருக்கிறது.

"அப்போ மருந்து?" என்றார் சித்தப்பா.

பாடக்குறிப்பை இரண்டு முறை சரிபார்த்தேன். "மருந்தை யார் வேணாலும் செய்யலாம், சித்தப்பா. கோடுதான் போடக்கூடாது."

"போச்சு. கோடு இல்லாம எப்படிடா பாதியா உடைக்கிறது?"

சித்தி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அதான் விலை குறையுதே. முழுசா முழுங்கித் தொலைங்களேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் அது தோன்றியிருக்கவில்லை, பாடத்திலும் இல்லை.