குழாயடியில் பிடித்த குப்பி

கம்பாலாவில் கராஜ் தெருவின் மழைநீர், ஏரிக்குப் போகும் வழியில் ஒரு நாணல் குளத்தில் நின்று தெளிந்துவிட்டுப் போகும். அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்வது நகாயிசாவின் வேலை. குளத்துக்கு முன்னால் ஒரு தொட்டி. சகதியும் எண்ணெய்க் கசடும் அதில் தங்கும். பெருமழை பெய்தால் மறுநாள் இறங்கி வாரிக் கொட்ட வேண்டும். மாதம் ஒருமுறை, குளம் தாண்டி வரும் தண்ணீரைக் குப்பியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

சர்ச்சில் அவளோடு பாடும் பெண்களிடம் தண்ணீர் ஆபீசில் வேலை என்றுதான் சொல்லியிருந்தாள். தொட்டியோ சாலையோரம். முழங்கால் வரை கறுப்புச் சகதியோடு நிற்கும்போது அவர்களில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசினாள். ஏப்ரல் மழையில் இன்று நாளை என்று தள்ளிப்போட்டாள். தொட்டி நிரம்பி எண்ணெய் குளத்துக்குள் வழிந்தது. நாணல் பழுத்தது. குப்பி அனுப்பும் நாளில், பயந்துபோய்த் தெருக்குழாயில் பிடித்து அனுப்பினாள்.

தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. தோட்டத்துக்குப் பாய்ச்சலாம் என்று வார்டு கமிட்டி பலகை வைத்தது. குளத்துத் தண்ணீர் ஓடும் கால்வாயோரம் கீரை போடும் நல்வோகா, கேன் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரையே பாய்ச்சினாள். ஒரு கட்டுக் கீரையோடு வந்து, "உன் புண்ணியத்துல என் செலவு பாதியாச்சுடி" என்றாள். நகாயிசா வாங்கிக்கொண்டாள். சமைக்க மனம் வரவில்லை. அடுத்த மாதமும் குழாயில்தான் பிடித்தாள்.

இந்த முறை குப்பியைச் சோதித்தவர் புதிதாக வந்த ஒகிரோர். அவரே நேரில் வந்தார். பழுத்த நாணலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"ஏம்மா, குளத்துத் தண்ணியில குழாய்த் தண்ணிக்குப் போடற குளோரின் எப்படி வந்துச்சு?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை, உள்ளதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். பிறகு, "கீழ யாராச்சும் இந்தத் தண்ணிய எடுக்கறாங்களா?" என்று கேட்டார். அவள் நல்வோகாவின் கீரைப் பாத்தி இருக்கும் பக்கம் கை காட்டினாள்.

அவர் போனதும் நேரே கீரைப் பாத்திக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். நல்வோகா கேட்டு முடித்ததும் குனிந்து கீரையை வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள். நகாயிசாவும் குனிந்தாள்.

"நீ தொடாத. இத்தனை நாளா எங்கிட்ட வாங்கித் தின்ன ஜனங்களுக்கு நான் என்னடி சொல்லுவேன்?"

நகாயிசா கையை எடுத்துக்கொண்டாள். வரப்பில் அப்படியே நின்றாள்.

கமிட்டி பலகையைக் கழற்றியது. அவளைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டது. ஆனால் தொட்டியில் இறங்க வேறு ஆள் கிடைக்காததால் வேலை போகவில்லை. அதுவும் அவளுக்கு வலித்தது. இப்போது பட்டப்பகலில் வாருகிறாள். ஒருநாள் சர்ச் பெண்கள் இருவர் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்தார்கள். அது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

சனிக்கிழமைதோறும் இரண்டு கேன் நல்ல தண்ணீரை நல்வோகாவின் வேலியருகே வைத்துவிட்டு வருகிறாள். ஐந்து வாரமாயிற்று. வைத்த கேன்கள் வைத்தபடியே இருக்கின்றன.