கட்டம் இல்லாத படிவம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. நேற்றுச் சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து, கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "வெளியிலிருந்து கைபேசி அலை எதுவும் நுழையாதபடி அந்த அறைச் சுவர்களுக்குத் தகடு அடித்து—" வேண்டாம். சுவரை வர்ணித்தால் ஆறிவிடுவேன்.

இரண்டாவது: "கைபேசிக் கோபுரத்தில் அலைகளை அனுப்பி வாங்கும் ரேடியோ என்ற கருவி ஒரு கம்பெனியுடையதாகவும், அதை இயக்கும் மென்பொருள் இன்னொரு கம்பெனியுடையதாகவும் இருக்கலாம் என்று பொதுவிதி வந்த பிறகு—" பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் விஷயம் இதுதான். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு சோதனைக்கூடம் வேண்டும். அதை வடிவமைத்தவள் அக்கா. (மேசை உயரத்திலிருந்து அறிக்கைப் படிவம் வரை. படிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

ஒரு பெரிய கம்பெனி தன் ரேடியோவைக் கூடத்துக்குச் சும்மா கொடுத்தது. அதுவே அளவுகோல் ஆகிவிட்டது. வருகிறவர்கள் தங்கள் மென்பொருளை அதோடு இணைத்துக் காட்ட வேண்டும்.

போன வாரம், நான்கே பேர் உள்ள ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். (இவரைப் பரிதாபமாகக் காட்ட நினைத்தேன். அக்கா விடவில்லை: "அவங்க என்னைவிடக் கெட்டிக்காரி. அழ வெச்சிடாத.") அவருடைய மென்பொருள் இணையவில்லை. மூன்று நாள் தேடியதில், பிழை ரேடியோவில் என்று தெரிந்தது. விதி சொல்லும் நேரத்தைத் தாண்டித்தான் அது பதில் அனுப்புகிறது. முன்னால் வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு, தங்கள் மென்பொருளை அதற்கேற்ப வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இவர் வளைக்க மாட்டேன் என்றுவிட்டார். சான்று கிடைக்காவிட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"அப்ப ரேடியோதானே ஃபெயில்?" என்றேன்.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லடா. வந்த பொருள் பாஸ், இல்லேன்னா ஃபெயில். அவ்வளவுதான்."

"யாரு போட்ட படிவம்?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

4

முடிவு அ: அக்கா பேனாவால் புதுக் கட்டம் வரைந்து, கூடத்தின் ரேடியோ ஃபெயில் என்று எழுதுகிறாள். மேலாளர் எழுந்து வந்து கைகுலுக்குகிறார்.

முடிவு ஆ: சின்னக் கம்பெனி ஃபெயில் என்று அக்கா கையெழுத்துப் போடுகிறாள். அன்றிலிருந்து நான் அவளோடு—

காலையில் இரண்டையும் படித்தாள்.

"ரெண்டும் நடக்காது. நான் இன்னிக்கு லீவு."

"நீ போகலேன்னா?"

"அவங்க ஃபெயில்னு மேனேஜர் கையெழுத்துப் போட்டுடுவார். பத்து மணிக்கு அறிக்கை போயிடும்."

தன் கையில் அழுக்குப் படக்கூடாது, அநியாயம் மட்டும் அது பாட்டுக்கு நடக்கலாம். இப்படி ஒரு முடிவு என் கற்பனைக்குக்கூட எட்டவில்லை. வெட்கமாக இருக்கிறது.

5

மணி எட்டே முக்கால். கூடம் இங்கிருந்து அரை மணி நேரம். அவள் விட்டுவிட்ட கட்டத்தை நான் இங்கே போட்டுவைக்கிறேன்:

கூடத்தின் ரேடியோ: [          ]

அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். செருப்பு வாசலில்தான் கிடக்கிறது. அவள் கிளம்பிப் போனாள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். உங்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

எழுத மாட்டேன். அவளே போகட்டும்.