ஆளில்லாத ஹவுஸ்ஃபுல்

சனிக்கிழமை மதியம் இரண்டு இருபது.

இருநூறு இருக்கைகள் கொண்ட அந்தப் பல்கலைக்கழக அரங்கத்தில் நாகராஜன் தலைகளை எண்ணினார். பதினொன்று. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். பத்து. ஒருத்தர் எழுந்து டாய்லெட்டுக்குப் போயிருந்தார்.

மூன்று மணிக்கு ஐவி டங்கன் நினைவுச் சொற்பொழிவு. ஒன்பது நாளாகவே இணையதளத்தில் 'இடமில்லை' என்று சிவப்பெழுத்து மின்னிக்கொண்டிருந்தது. சொற்பொழிவாளரை அறிமுகப்படுத்திப் பேசப் போகிறவள் நாகராஜனின் மகள் வர்ஷா, சட்டம் இறுதியாண்டு. அந்தச் சிவப்பெழுத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா! ஜனங்களுக்கு ஐவியை ஞாபகம் இருக்குப்பா!" என்று குதித்திருந்தாள்.

நாகராஜனும் "ஆமாம்மா, ஆச்சரியமா இருக்கு" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

இருநூறில் நூற்றுப் பன்னிரண்டு முன்பதிவு அவர் கைவரிசை.

"எத்தனை பேர் வந்திருக்காங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த பத்மா. கணவர் மறுபடி எண்ணத் தொடங்கவும் அவளே தொடர்ந்தாள். "உங்க கூட்டத்துல நீங்க, நான், நூர்தீன் பாய். மூணு. மிச்சம் நூத்தி ஒன்பது பேரும் மெட்ரோவுல வர்றாங்களா?"

"எல்லாரும் கட்டாயம் வர்றோம்னு போட்டிருந்தாங்க பத்மா."

"கட்டாயம்னா வரமாட்டாங்கன்னு அர்த்தம். வர்றவங்க பார்க்கிங் எங்கேன்னு கேப்பாங்க. ஒருத்தராவது கேட்டாங்களா?"

நாகராஜன் யோசித்தார். தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நூற்றுச் சொச்சம் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். பார்க்கிங் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு இன்று கிரவீன் புறநகரில் சங்கத்து உறுப்பினர் கௌரிசங்கர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பிரியாணியை விட்டுவிட்டு உரிமைப் போராட்டத்தைக் கேட்க எவன் வருவான்?

அவருடைய கவலை வேறு. பள்ளி நாளில் வர்ஷாவின் நடனத்துக்கு இணையத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது, அலுவலகக் கணினிகளின் உதவியோடு மகளை ஜெயிக்க வைத்தவர் அவர். தொள்ளாயிரம் பேர் படிக்கிற பள்ளியில் நாலாயிரம் வாக்கு வித்தியாசம்! அன்றே வர்ஷா விரல் நீட்டிச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை எனக்காக ஆள் சேர்த்தீங்கன்னா, என் கிராஜுவேஷனுக்கே உங்களைக் கூப்பிட மாட்டேன்." சொன்னால் செய்கிற பெண். பட்டமளிப்புக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். பாய்ந்தவர் நின்றார்.

வாசலில் நீளமாக ஒரு வரிசை. பெயர் பதிந்தவர்கள் ஒருபக்கம் சீட்டைக் காட்டி உள்ளே போய்க்கொண்டிருக்க, இது பதியாதவர்களின் வரிசை. மாணவர்கள், கைத்தடியோடு ஒரு தம்பதி, முன்னால் இருபது பேருக்கு மேல் ஒரே குடும்பம். கதவருகே நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அனெட், கையில் டேப்லெட்டோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குடும்பத்துக்கு நாலு சீட் ஒதுக்கியிருக்கோம். மத்தபடி ஹால் ஃபுல். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மூணு மணிக்கு நேரலை ஆரம்பிச்சா கதவைச் சாத்திடுவோம்."

"நாலா?" குடும்பத்தின் முன்னால் நின்ற பெண்மணி சிரித்தாள். அறுபது வயதிருக்கும். "நாங்க இருபத்திமூணு பேர். ஏழு மணி நேரம் மினிபஸ்ல வந்திருக்கோம். ஐவி என் பெரியம்மா. அவளுக்கும் இதையேதான் சொன்னாங்க, கண்ணு. ஹால் ஃபுல்லுன்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பெண்மணி வேடிக்கையாகச் சொன்னாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஐவி டங்கனின் கதை நாகராஜனுக்குத் தலைகீழ்ப் பாடம். வர்ஷா குசினி மேடையில் கைவைத்துப் பதினோரு முறை ஒத்திகை பார்த்தபோது, உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டவர். வடக்கே ஒரு சின்ன ஊர். அறுபதுகளில் அங்கே ஒரு சினிமாக் கொட்டகை. இந்த மண்ணின் பூர்வகுடிகள் டிக்கெட் சன்னலில் காசை நீட்டினால் 'ஹவுஸ்ஃபுல்' என்பார்கள். ஐவி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சன்னலுக்கு எதிரே நின்றாள். ஹவுஸ்ஃபுல் ஆன பிறகும் எத்தனை வெள்ளைக்காரர்கள் உள்ளே போகிறார்கள் என்று முப்பத்தொரு சனிக்கிழமைகள் எழுதினாள். அந்த நோட்டு நீதிமன்றம் வரை போனது. சன்னல் திறந்தது.

பதினோரு முறை கேட்டும், தன் சங்கத்து முன்பதிவுக்கும் அந்தக் கொட்டகைக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" பின்னால் நூர்தீன். புத்தளத்துக்காரர், பென்டில் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சொன்னபடி வந்த ஒரே மனிதர்.

"பாய், உள்ளே நூத்தி ஒன்பது சீட் காலியா இருக்கு. எல்லாம் நான் பதிஞ்சது."

"அப்ப சொல்லுங்கோவன்."

"சொன்னா வர்ஷாவுக்குத் தெரிஞ்சிடும்."

"சொல்லாட்டி?" நூர்தீன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "அவவுக்கு மட்டும்தான் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே."

இரண்டு நாற்பது. நாகராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு அனெட்டிடம் போனார். முப்பது வருடமாக மென்பொருள் சோதிப்பவர். தவறை அறிக்கையாகச் சொல்லிப் பழகியவர். ஆனால் அந்தத் தவறுகளெல்லாம் அடுத்தவர் செய்தவை.

அனெட் கேட்டுவிட்டு டேப்லெட்டைத் தட்டினாள். "சங்கத்தின் பேர்ல ஒரே பதிவா இருக்கு. ரத்துப் பண்ணினா மொத்தமாத்தான் போகும். உங்க சீட்டும் சேர்த்து. நேரா வரிசையில நிக்கிறவங்களுக்குப் போயிடும்."

"அதுல முதல் வரிசை மூணும் போயிடுமா?"

"அதுவும்தான்."

மகள் மேடையேறுவதைப் பார்க்க இஸ்திரி போட்ட சட்டை. அதற்கென்றே முந்தாநாள் வெட்டிய முடி. திரும்பி மனைவியைப் பார்த்தார். பத்மா எப்போதோ வெளியே வந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? பட்டனை அமுக்குங்க."

அனெட் நீட்டிய டேப்லெட்டில் அமுக்கினார்.

வரிசை நகர்ந்தது. ஐவியின் குடும்பம் போயிற்று, மாணவர்கள் போனார்கள், கைத்தடித் தம்பதி போனார்கள். கடைசி ஆள் நுழைந்ததும் அனெட் கையை விரித்தாள். இப்போது நிஜமாகவே இடமில்லை.

இரண்டு ஐம்பத்தொன்று. மேடைப் பக்கக் கதவு வழியாக வர்ஷா ஓடி வந்தாள், கறுப்பு பிளேசர், கையில் குறிப்பு அட்டை. "அப்பா, அம்மா, வெளியே என்ன பண்றீங்க? ஃப்ரண்ட் ரோல வேற யாரோ உட்கார்ந்திருக்காங்க!"

நாகராஜன் சொன்னார். ஒரே மூச்சில், ஒளிக்காமல். நாலாயிரம் வாக்குக்கு அப்புறம் திருந்தவில்லை என்பது வரைக்கும்.

"ஹண்ட்ரட் அண்ட் ட்வெல்வ்?" வர்ஷாவின் குரல் கீச்சிட்டது. "நான் அத நம்பி ஃபர்ஸ்ட் லைனே எழுதியிருக்கேன்! அன்பிலீவபிள்!"

"சாரிம்மா."

"எட்டு நிமிஷம் இருக்கு. இப்ப பேசாதீங்க." அவள் நூர்தீனின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். "அங்கிள், கொஞ்சம் திரும்புங்க." அவர் முதுகில் அட்டையை வைத்து முதல் நாலு வரியையும் பரபரவென்று அடித்தாள், ஏதோ கிறுக்கினாள், பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள். அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்று மணி. கதவு சாத்தப்பட்டது.

கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி. அதை நூர்தீன் முழுசாக ஆக்கிரமித்துக்கொண்டு காதை இடுக்கில் வைத்தார்.

"தொடங்கிட்டா. குரல் நல்லாருக்கு."

"என்ன சொல்றா பாய்?"

"ஐவியிட கொட்டகையைச் சொல்றா. ஆளில்லாம ஹவுஸ்ஃபுல் ஆன கதை." உள்ளே லேசான சலசலப்பு. "இப்ப இந்த ஹாலைச் சொல்றா. இதுவும் ஒன்பது நாளா அப்படித்தான் இருந்ததாம்."

நாகராஜனுக்குக் காது சுட்டது. "யாருன்னு சொல்லிட்டாளா?"

"பொறுங்கோ." உள்ளே கூரை அதிரச் சிரிப்பு. நூர்தீனின் தோளும் குலுங்கியது. "ஓம். சொல்லிட்டா."

"பேரோடவா?"

"இனிஷியலோட."

பத்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லா வேணும்."

"இப்ப என்னமோ மெல்லமாச் சொல்றா மச்சான்... ரத்துப் பண்ணினதும் அவர்தானாம். உங்களை வெளியில நிக்கவெச்சிட்டு உள்ள பேசுறது கஷ்டமா இருக்காம்."

"தள்ளுங்க பாய்!"

நாகராஜன் நூர்தீனை இடித்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடியில் முகத்தைப் பதித்தார். தூரத்தில் மேடையில் வர்ஷா. அவள் கை நேராக இந்தக் கதவை நோக்கி நீண்டிருந்தது. முதல் வரிசையில் ஐவியின் குடும்பம் திரும்பியது. தொடர்ந்து அரங்கமே திரும்பியது.

இருநூறு முகங்கள். நாகராஜனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே இரண்டு கையையும் கூப்பினார்.